கழற்றாத மாலை

கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டுக்கு வேறொரு அப்பா வந்துவிடுவார். ஆள் அதே ஆள்தான். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கறுப்பு வேட்டி கட்டி, கழுத்தில் துளசி மாலையோடு கோயிலிலிருந்து வந்து வாசலில் நிற்பார். சபரிமலைக்கு மாலை போட்டவரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடக் கூடாது. அதனால் நானும் அம்மாவும் அவரை "சாமி" என்போம். அவர் எங்களை "மாளிகைப்புறம்" என்பார். ஐப்பசி கடைசி வரைக்கும் அம்மாவை "ஏட்டி மூதேவி" என்று கூப்பிட்ட அதே வாய், "மாளிகைப்புறம், கொஞ்சம் குடிக்க வெள்ளம் கிட்டுமா?" என்று கேட்கும். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு செம்பை நீட்டுவாள். வருஷத்தில் அவள் சிரிக்கிற காலம் அதுதான்.

அப்பாவுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. எங்கள் புதுக்கடை ஊர்ப் பக்கத்தில் கல்ஃப் பணத்தில் எழும்பிய வீடுகளில் பாதிக்குத் தரை போட்டது தான்தான் என்று சொல்லிக்கொள்வார். அதுவும் குடித்திருக்கும்போது. குடிக்காத நேரத்தில் அவருக்குப் பெருமை பேச வராது. எங்கள் வீட்டுத் தரை அந்த வீடுகளில் மிஞ்சிய உடைசல்களால் ஆனது. சமையல்கட்டில் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறை டைல், அறையில் பாதி மரக்கலர், பாதி வெள்ளை. தோழிகள் வந்தால் நான் ஓடிப்போய்ப் பாயை விரிப்பேன்.

அம்மா அண்டியாபீசுக்குப் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு அவள் விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். எங்கள் அடுப்பு எரிந்தது அந்த விரல்களால். அப்பாவின் சம்பளம் சனிக்கிழமை வரும், ஞாயிற்றுக்கிழமை இருக்காது. திங்கட்கிழமை ஆள் எழுந்தால் வேலைக்குப் போவார், எழாவிட்டால் இல்லை. இனி தொட மாட்டேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை.

அவரிடம் ஒரு வாதம் இருந்தது. அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட எரிச்சல். "நான் என்ன குடிக்கு அடிமையா? நெனச்சா இப்பம் நிறுத்திருவேன். மாலை போட்டா ஒரு துளி தொடுகேனா, சொல்லு பாப்பம்?" என்பார். அதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அது உண்மை. மாலை போட்டால் தொடமாட்டார். முதல் வாரம் மட்டும் சாமிக்குக் கை நடுங்கும். கற்பூரத் தட்டைப் பிடிக்க முடியாது. வேர்த்து வழியும், சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார். சுவரில் ஒன்றும் இருக்காது. "ஐயப்பன் சோதிக்கியாரு" என்று அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பாள். இப்போது நான் நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்த நடுக்கம் என்ன என்பதும் அதில் ஆளே போய்விடக்கூடும் என்பதும் இப்போது தெரியும். அன்று தெரிந்திருந்தால் பயத்திலேயே பாதி செத்திருப்பேன்.

அந்த வாரம் கழிந்துவிட்டால் வீடு வீடாக இருக்கும். விடியற்காலையில் கிணற்றடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். விளக்கைக் கொளுத்தி, நான் படிக்கிறேன் என்பதற்காகச் சரணத்தை வாய்க்குள்ளேயே சொல்வார். மரச்சீனிக் கிழங்கும் காய்கறியும் அவரே வாங்கி வருவார். மீன் கிடையாது. மீன் இல்லாமல் எங்களால் இருக்க முடியாதுதான், ஆனால் குடி இல்லாத வீட்டுக்கு மீன் ஒரு விலையா? இந்த மாதிரி ஒரு மண்டலம் போகும். பிறகு குருசாமியோடு மலைக்குப் போய்வருவார். வந்ததும் மாலையைக் கழற்றுவார்கள்.

நான் பிளஸ் ஒன் படித்த வருஷம் மாலையைக் கழற்றியது ஒரு காலை நேரம். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். புதுக்கடைச் சந்திப்பில் பழக்கடைக்கு முன்னால் கறுப்பு வேட்டி கட்டிய ஒருவர் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் இருந்தவள், "ஏட்டி, சாமி கெடக்கியாரு பாரு" என்று சிரித்தாள். அது யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சிரித்து வைத்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். ஒரு ஆட்டோக்காரரிடம் கெஞ்சி அப்பாவை ஏற்றிக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு நாள் பொறுக்க மாட்டாரா? ஒரே ஒரு நாள்?

பிளஸ் டூ வந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மலைக்குப் போய் வந்தால்தான் மாலையைக் கழற்றலாம். அப்படியானால் மலைக்குப் போகாமல் இருந்தால்? நடை ஒவ்வொரு மாதமும் திறக்கிறது. பங்குனி உத்திரத்துக்கும் திறக்கிறது. அதற்குள் என் பொதுப் பரீட்சை முடிந்துவிடும். இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் உடைத்துக்கொண்டிருந்த விறகைக் கீழே போட்டாள். "சாமி காரியத்துல வெளையாடப்பிடாது பிள்ள" என்றாள்.

ஆனால் கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில், அப்பாவுக்குச் சோறு விளம்பிக்கொண்டே அவளே தொடங்கினாள். "சாமி, ஒரு காரியம் கேட்டியளா? இந்தத் தடவ பங்குனி உத்திரத்துக்குத்தான் மலைக்கு அனுப்புவேன்னு நேர்ந்துட்டேன். பிள்ளை பரிச்சை எழுதி முடிக்கட்டு."

அப்படி ஒரு நேர்ச்சையும் அவள் நேரவில்லை. அப்பா சோற்றில் கை வைத்தபடி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நேர்ச்சைன்னா நேர்ச்சைதான். மீற முடியுமா?" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அவரை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கவலை குருசாமி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. அவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அம்மா போய்ச் சொன்னபோது மறுக்கவில்லை. "நடை மாசாமாசம் தொறக்கும். அதுக்கென்ன? ஆனா ஒரு மண்டலம் இருக்கதுக்கே நாக்கு தொங்குகவன், பங்குனி வரைக்கும் தாங்குவானா?" என்று சிரித்தாராம். அம்மா அதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

தாங்கினார். மார்கழி போய்த் தை வந்தது. ஊரில் எல்லோரும் மலைக்குப் போய்த் திரும்பி, தாடியை மழித்து, மீன் சட்டிக்குத் திரும்பியாயிற்று. எங்கள் சாமி மட்டும் முகம் மூடின தாடியோடு திரிந்தார். சாயாக்கடையில், "சாமி மலைக்கு போவாரா, இல்ல மலை இஞ்ச வருமா?" என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். விரதக்காரர் என்பதால் காண்ட்ராக்டர் அவரைத் தேடி வந்து வேலை கொடுத்தார். எனக்குப் பரீட்சைக்கு முன்னால் புதுச் செருப்பு வந்தது. மாதத்தில் எனக்குத் தூரமான நாட்களில் விரத வீட்டில் இருக்கக் கூடாதென்று பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ப் படுத்துக்கொள்வேன். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அதையெல்லாம் பார்ப்பதில்லை. புத்தகத்தையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது எனக்கு ஒவ்வொரு மாதமும் அவமானமாகத்தான் இருந்தது. நானென்ன அழுக்கா என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். ஆனாலும் போனேன். அப்பாவின் கழுத்தில் மாலை கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

பரீட்சை தொடங்கி இரண்டு தாள் முடிந்திருந்தது. வேதியியலுக்கு முன்னால் லீவு இருந்தது. அன்று அப்பா போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார், அம்மா அண்டியாபீசில். போன் அடித்தது. கொட்டாரம் ஊரிலிருந்து அத்தை.

"மக்களே, பாட்டா போயிட்டாரு" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பனுட்ட சொல்லு. சாயங்காலம் எடுத்திருவாவ. சட்டுனு வரச் சொல்லு" என்றாள். "சொல்லுகேன் அத்தை" என்று போனை வைத்தேன்.

கொட்டாரத்துப் பாட்டா அப்பாவுக்குச் சித்தப்பா முறை. முறைதான் சித்தப்பா. அப்பாவுக்கு நினைவு தெரியும் முன்னாலேயே அவருடைய அப்பா இறந்துவிட்டார். தோளில் தூக்கி வளர்த்ததும், சோறு போட்டதும், கரண்டியைக் கையில் கொடுத்துக் கொத்து வேலைக்குக் கூட்டிப் போனதும் இந்தப் பாட்டாதான். அவருடைய மகள்தான் அத்தை. அப்பாவின் குடியால் உறவுக்காரர்கள் எல்லோரும் அவரை ஒதுக்கிவிட்ட பிறகும், நாங்கள் போனால் பாட்டா ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "சாப்பிட்டியாலே?" அவருக்கு முன்னால் அப்பா ஒரு சின்னப் பையனைப் போல உட்கார்ந்திருப்பார்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பங்காளி வீட்டில் சாவு என்றால் தீட்டு. மாலை போட்டவர் சேதி கேட்டதும் மாலையைக் கழற்றிவிட்டுத்தான் துட்டி வீட்டுக்குப் போக வேண்டும். துட்டி வீட்டின் முன்பக்கம் பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள். பின்பக்கம் ஆண்கள் பாட்டிலோடு நிற்பார்கள். துக்கத்துக்கு ஒரு வாய், விறகு அடுக்கின அசதிக்கு ஒரு வாய். வெறும் கழுத்தோடு அப்பா அங்கே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னும் நான்கு தாள் பாக்கி இருந்தது.

போனை அணைத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அதைத் தப்பென்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்கள் யாராவது கேட்டால், "ஐயோ, கடைசி முகத்தைக் கூடப் பாக்க விடல்லியே" என்று உச்சுக்கொட்டலாம். அவர்கள் யாரும் சந்திப்பிலிருந்து தங்கள் அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள் அல்ல.

அம்மா வந்ததும் துவைக்கிற கல்லுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அவள் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். கறுத்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவளை மகளே என்று கூப்பிட்டவர் அந்த வீட்டில் பாட்டா ஒருவர்தான்.

"எடுத்திருப்பாவளா?" என்று கேட்டாள்.

"இப்பம் எடுத்திருப்பாவ."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "செத்தவரு செத்தாச்சு. அவரு கோவப்பட மாட்டாரு. சொல்லாண்டாம்" என்றாள். பிறகு, "நீ போய்ப் படி" என்றாள்.

அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார். கிணற்றடியில் ரொம்ப நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெயில் அப்படி, வேலை அப்படி என்று நினைத்தேன். வந்து திண்டில் உட்கார்ந்து, "மாளிகைப்புறம், மேலுக்கு செரியில்ல. இன்னைக்கு நீங்க விளக்கேத்துங்க" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். தீட்டு அவருக்கு மட்டுமில்லை, அவளுக்கும்தான். தீட்டோடு சாமி விளக்கைத் தொட அவளுக்குப் பயம். "எனக்கு அடுப்புல சோலி கெடக்கு. நீ ஏத்து பிள்ள" என்றாள். பாட்டாவின் வம்சம்தானே நானும். "எனக்குப் படிக்கணும்" என்று புத்தகத்துக்குள் தலையை விட்டேன். அன்று விளக்கு ஏற்றவில்லை. ஏன் ஏற்றவில்லை என்றோ போன் எங்கே என்றோ அப்பா கேட்கவும் இல்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். விளக்கில் எண்ணெய் இருந்தது, திரி இருந்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி அதைச் சுற்றிப் போனோம். அப்பா சரணம் சொல்வதை நிறுத்தினார். பஜனைக்குக் கூப்பிட வந்த குருசாமியிடம் வேலை நெருக்கடி என்றார். மலைக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. விரதம் அலுத்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ குடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். துவைக்கப் போடும்போது அவர் சட்டையை மோந்து பார்ப்பேன். சிமெண்ட் வாசம்தான் அடிக்கும். அவர் ஒரு கையால் மாலையைப் பிடித்துக்கொண்டே தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருவழியாகக் கடைசித் தாளும் முடிந்தது. மறுநாள் காலையில் நாங்கள் மூவரும் முற்றத்தில் இருந்தோம். அப்பா மண்வெட்டியால் தென்னங்கன்றைச் சுற்றித் தண்ணீருக்குத் தடம் வெட்டிக்கொண்டிருந்தார். வாசலில் அத்தை வந்து நின்றாள். கொட்டாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தலை சீவாமல், முகம் வீங்கி இருந்தது. அப்பாவின் கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்ததும் நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏலே, நீ மனுசனாலே?" என்றாள். "தூக்கி வளத்தவரு செத்துக் கெடந்தாரு. கொள்ளி வைக்கதுக்கு முன்ன ஒருக்கா வந்து மொகம் பாக்க ஒனக்கு நேரமில்லியா? நாளைக்கி அடியந்திரம். அதுக்காவது வருவியான்னு கேக்க வந்திருக்கேன்."

பதினாறாம் நாள் சடங்கைத்தான் அடியந்திரம் என்பது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, இப்போது எல்லாம் உடையப் போகிறது என்று முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, அப்பாட்ட நாங்க சொல்லல்ல. நீங்க போன்ல சொன்னத நான்தான் மறைச்சேன்" என்றேன்.

அத்தை என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீ சொல்லலன்னா என்ன பிள்ள? எம்மவன் மார்த்தாண்டத்துலேருந்து பைக்க எடுத்துட்டு இவன் வேலை செய்த வீட்டுக்கே போய்ச் சொன்னானே. நீ போ, பொறவால வாறேன்னு இவன் சொன்னானாம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். இத்தனை நாள் விளக்கு ஏன் எரியவில்லை என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"அப்பம் தெரிஞ்சுதான் இருந்தியா?" என்று அத்தை கத்தினாள். "தீட்டோட அந்த மாலைய எதுக்குலே போட்டுட்டு அலையுக? எந்தச் சாமிக்கு?"

அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். கையை வேட்டியில் துடைத்தார். அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன், அல்லது அழுவார் என்று. இரண்டும் இல்லை.

"சாமிக்கு இல்லக்கா" என்றார். "சேதி கேட்டதும் வரணும்னு பைக்குல ஏறக் காலத் தூக்கினேன். அங்க வந்தா இதக் கழத்தணும். கழத்தினா நான் குடிப்பேன். குடிச்சா நிக்காது. பிள்ளைக்கி பரிச்சை."

நெனச்சா இப்பம் நிறுத்திருவேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், தன்னால் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை அப்படியே படியில் உட்கார்ந்தாள். அம்மா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவருக்கு எங்கள் மேல் அக்கறை இல்லை, அதனால்தான் குடிக்கிறார் என்று நான் வைத்திருந்த நியாயம் அவ்வளவு வசதியாக இருந்தது. அக்கறை இருக்கிறது, இருந்தும் முடியவில்லை என்றால் அதை எப்படித் தாங்குவது?

அப்பா தானே மாலையைக் கழற்றினார். குருசாமி இல்லை, மலை இல்லை. தலை வழியாக எடுத்துத் தென்னங்கன்றின் மட்டையில் போட்டார். மாலை கிடந்த இடத்தில் கழுத்து வெளுத்திருந்தது.

மறுநாள் நாங்களும் கொட்டாரத்துக்குப் போனோம். பாட்டாவின் படத்துக்கு முன்னால் அப்பா கொஞ்ச நேரம் நின்றார். அழவில்லை. சடங்கு முடிந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராக வீட்டின் பின்பக்கம் ஒதுங்கினார்கள். ஒருவர் அப்பாவின் தோளில் கை போட்டு, "மாலையத்தான் கழத்தியாச்சே. சித்தப்பனுக்காவ ஒரு வாய்" என்று இழுத்தார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். அப்பா திரும்பி என்னைத் தேடினார்.

"மக்களே, நீ எங்கூடவே நில்லு" என்றார்.

நின்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மாலை போட்ட முதல் வாரத்தில் நடுங்குகிற மாதிரி அவர் கை நடுங்கியது. "பொட்டப்பிள்ளைக்கு ஆம்பளையளுக்கு நடுவுல என்ன சோலி?" என்று யாரோ சத்தம் போட்டார்கள். அப்பா விடவில்லை, நானும் நகரவில்லை. பந்தி முடிந்து பஸ் ஏறும் வரைக்கும் அப்படியே இருந்தோம். மணிக்கட்டில் அவர் விரல்கள் பதிந்து சிவந்திருந்தன. அம்மா பஸ்ஸில் அதைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். வைகாசியில் குடித்தார். ஒரு வேலை முடிந்த சனிக்கிழமை, பழையபடி வீட்டுக்குள் விழுந்து, வாந்தி எடுத்து, அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினார். என் ரிசல்ட் வந்து நல்ல மார்க் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அடுத்த வாரம் அது. காலையில் எழுந்ததும் கேட்பதற்கு எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கிவைத்தேன். பாட்டாவை இதற்காகவா விட்டீர்கள் என்பது அதில் முதல் கேள்வி. நாக்கில் ஏறினால் எனக்கு இறங்காது, அது ஊருக்கே தெரியும்.

காலையில் அவர் எனக்கு முன்னாலேயே எழுந்து படியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகக் குடித்த மறுநாள், "நேத்து மேலு வலி, அதான் கொஞ்சம்" என்று ஏதாவது சொல்லி நழுவுவார். அன்று என் முகத்தைப் பார்த்தார்.

"நேத்து குடிச்சேன்" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"மாலை போட்டு ஏமாத்தியாச்சு. நேர்ச்சைன்னு ஒங்கம்மா சொன்னப்பவே எனக்குத் தெரியும், அவ ஒரு நேர்ச்சையும் நேரல்லன்னு. தெரிஞ்சுதான் செரின்னேன். அதெல்லாம் பத்தாது மக்களே. டாக்டர்மாரு பாப்பாவளாமே. என்ன எங்கயாவது கூட்டிட்டுப் போ. என்னால தனியா முடியாது."

அடுக்கிவைத்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு எந்த வாசல் வழியாகப் போவது, யாரைப் பார்ப்பது, எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குப் பதினேழு வயது.

"மொகத்தக் கழுவிட்டு வாங்கப்பா" என்றேன். "நாகர்கோயில் பஸ் இப்பம் வந்திரும்."